ஜெகன் வந்த வீடு

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’ 1994இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஆறு நெடுங்கதைகளாக விரியும் அந்த நாவலைச் சொல்பவன் கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஆர்ஜி. முதற்கதையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள்: அப்பம்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமை, மச்சாள்மாரோடு ஆர்ஜி ஆடும் கலியாண விளையாட்டு, சேலையோடு பெரியவர்கள் முன் அகப்பட்டதும் விழுந்த தடை. இரணைமடு வாய்க்கால் பாயும் வட்டக்கச்சியில் இருந்து வாசிக்கையில் நான்காம் கதைதான் கனக்கிறது.

அதில் ஜெகன் என்ற இளைஞன் ஆர்ஜியின் அப்பாவிடம் வேலைக்கு வருகிறான். அவருடைய பழைய நண்பரின் மகன். ஒருவர் குடும்பத்தை மற்றவர் காப்பதென்று இளவயதில் இருவரும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஜெகன் முன்பு காந்தியத்தில் இருந்தவன். அந்தப் பெயரை வன்னியில் விளக்கத் தேவையில்லை. எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் வவுனியாவை மையமாக வைத்து நடத்திய அமைப்பு அது; 1977 கலவரத்தில் துரத்தப்பட்ட மலையகக் குடும்பங்களைக் காடு வெட்டிக் குடியமர்த்தியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். யூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார்.

ஆர்ஜிக்கு இந்த வரலாறு முழுதாகத் தெரியாது. பெரியவர்கள் பேச்சிலிருந்து காதில் விழுவதை வைத்துத்தான் அவன் உலகத்தை ஊகிக்கிறான். வீட்டின் பத்திரமும் அந்த அரைகுறை அறிவில்தான் நிற்கிறது: வாயைத் திறக்காமல், சிங்களம் படித்து, கடையோ ஹோட்டலோ நடத்தினால் ஒன்றும் ஆகாது என்பது அப்பாவின் கணக்கு. ஜெகனைப் பொலிஸ் விசாரிக்கிறது. அப்பாவின் ஹோட்டலில் அவன் அறையில் வசை எழுதப்படுகிறது. கடைசியில் அப்பா அவனை வேலையிலிருந்து நிறுத்துகிறார். கொடியவர் அல்லர், பயந்தவர். அதுதான் பிள்ளையைக் கலக்குகிறது. அப்பாவின் காவலுக்கும் ஓர் எல்லைக்கல் உண்டென்று அவன் அன்றைக்கே கண்டுவிடுகிறான். 1983 யூலைக் கலவரத்தில் வீடு எரிந்தது பிறகு நடந்த கதை.

இன்னொன்று, எழுத்து முறை பற்றியது. குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டதென்று முதற்கதையின் தொடக்கத்திலேயே ஆசிரியர் சொல்லிவிடுகிறார். அதனால் வாசகருக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. கடைசிப் பகுதி நாட்குறிப்பு. அங்கே திரும்பிப் பார்க்கும் குரல் நின்றுவிடுகிறது. அயல் சிங்கள வீட்டில் ஒளிந்திருப்பவனுக்கு மறுநாள் என்னவென்று தெரியாது. அப்பம்மாவும் அப்பப்பாவும் காரோடு எரிக்கப்பட்ட செய்தி அந்தக் குறிப்புகளுக்குள்தான் வருகிறது. இப்படி எழுதத் துணிவு வேண்டும். பதுங்குகுழியில் கொப்பி எழுதிய எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நடை புதிதல்ல.