எஸ்குலென்டா

எஸ்குலென்டா என்பது 'உண்ணத்தக்க' எனப் பொருள்படும் லத்தீன் பெயரடை. உணவைக் குறிக்கும் 'எஸ்கா'விலிருந்து பிறந்தது. எந்தப் பெயரோடு சேர்கிறதோ அதன் பாலுக்கேற்ப ஈறு மாறும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வெண்டையை ஹைபிஸ்கஸ் எஸ்குலென்டஸ் என்றும், சேம்பை ஆரம் எஸ்குலென்டம் என்றும் பதிந்தார். சேம்பு பின்னர் கொலகேசியா பேரினத்துக்கு மாறியபோது எஸ்குலென்டா ஆயிற்று. தக்காளியும் நெடுங்காலம் இந்த அடைமொழியைச் சுமந்து, பிறகு இழந்தது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இச்சொல்லுக்கு உரிய பயிர் மரவள்ளி, மணிஹாட் எஸ்குலென்டா. குச்சியை நறுக்கி நட்டு வளர்ப்பதால் ஊர்வழக்கில் குச்சிக்கிழங்கு. மணிஹாட் எஸ்குலென்டா என்பது வியன்னாவின் தாவரவியலாளர் கிரான்ட்ஸ் 1766இல் இட்ட பெயர். பிரேசிலில் செடிகள் திரட்டிய போல் என்பவர், 1827இல் இதையே மணிஹாட் உட்டிலிசிமா, அதாவது 'மிகமிகப் பயனுள்ளது' என்றார். பழைய வேளாண் நூல்களில் இப்பெயரைக் காணலாம். முந்திய பெயருக்கே முதலிடம் என்ற தாவரவியல் விதியால் அது வழக்கொழிந்தது. விதி சரிதான், ஆனாலும் ஆத்தூர், ராசிபுரம் வட்டாரத்துக்குப் போலின் சொல்லே பொருந்தும்.

'உண்ணத்தக்க' என்பதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பச்சைக் கிழங்கிலும் இலையிலும் லினமாரின் உண்டு. திசு நசுங்கினால் அது சயனைடாகப் பிரியும். அதனால்தான் கிழங்கைத் தோலுரித்து, நன்றாக வேகவைத்தே தின்கிறோம். காட்டில் அவிழ்ந்த ஆடுமாடு மரவள்ளித் தழையை மேய்ந்துவிட்டால் வீடே பதறும்.

1940களில், உலகப்போரால் தென்கிழக்காசிய ஜவ்வரிசி வரத்து நின்றுபோனபோது சேலத்தில் மரவள்ளியிலிருந்து சேகோ, அதாவது ஜவ்வரிசி செய்யும் தொழில் வேர்பிடித்தது. ஆலையில் கிழங்கை அரைத்துப் பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிடுவார்கள். அடியில் படியும் ஈரமாவைத் துணியில் குலுக்கக் குலுக்க, மிளகளவு உருண்டைகள் திரளும். அவற்றை வறுத்து அல்லது ஆவியில் வேகவைத்துக் களத்தில் உலர்த்தினால் ஜவ்வரிசி. கழுவும் நீரோடும் சூட்டோடும் நஞ்சில் பெரும்பங்கு போய்விடும். 1981இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் விற்பனைக்கு வழிசெய்தது; சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

இங்கே உழவர் வாயில் லத்தீன் இல்லை. முள்ளுவாடி, குங்குமரோஸ், தாய்லாந்து என்று ரகம் சொல்லித்தான் பேசுவார்கள். லோடு ஆலைக்கு வந்ததும் முதல் கேள்வி, "பாயிண்ட் எவ்வளவு?" மாவுச்சத்தின் அளவைச் சொல்லும் அந்தப் பாயிண்டை வைத்துத்தான் பத்து மாத உழைப்புக்கு விலை.