சானடோரியம் ஸ்டேஷனும் ஆறு மாத மாத்திரையும்

சென்னைக்குப் போகும்போதெல்லாம் தாம்பரம் மின்ரயிலில் என் பேத்தி கேட்பாள்: "தாத்தா, சானடோரியம்னா என்ன?" ஹைதராபாத்தில் பிறந்த பிள்ளை, அவளுக்கு எப்படித் தெரியும்!

1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். அன்று மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான் வைத்தியம். என் பெரியப்பா அங்கே இருந்தார். "ஊருக்குப் போயிருக்கார்" என்றே எங்களிடம் சொல்லி வைத்தார்கள்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோநியாசிடும் வந்தன. மருந்து வந்தாச்சு, இத்தனை பேருக்குப் படுக்கைக்கு எங்கே போவது? விடை சொன்னது நம் சென்னைதான். 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரும் நம்மவர்களும் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், மற்றது நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே. இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959-இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

ஆனால் இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிடுகிற வழக்கம் நம்மை விட்டதா? மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடுகிறது. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத நோய்க்கு முன்பெல்லாம் 18 முதல் 24 மாதம் வைத்தியம் நடந்தது, அதில் பல மாதம் ஊசி போட்டார்கள். அந்த வகை ஊசி காதைக் கெடுக்கும். மும்பைப் பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன் காசநோய்ச் சிகிச்சையில் செவித்திறனை இழந்தவர். அதேபோல் இழந்த தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயுடன் சேர்ந்து, 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுவிலின் என்ற புதிய மாத்திரையின் காப்புரிமை நீட்டிப்பை எதிர்த்தார். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த நீட்டிப்பை மறுத்தது. மலிவான மாத்திரைக்கு வழி பிறந்தது.

இனி நம் ஊர்ச் சங்கதி. 2019-இல் அமெரிக்கா அனுமதித்த பிரெட்டோமானிட் மாத்திரையைத் தயாரித்தது ஹைதராபாத்தின் மைலான் லேபரட்டரீஸ். எத்தனை பேருக்கு இது தெரியும்? பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃபிளாக்சசின் நான்கையும் சேர்த்து ஆறே மாதம், ஊசியே இல்லாமல் கொடுக்கலாம் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2024-இல் இந்திய அரசும் ஏற்றது. மறுபடியும் வீட்டிலிருந்தே வைத்தியம்!

ஒன்று மட்டும்: லினசோலிட் சிலருக்குக் கால் எரிச்சல், மரமரப்பு, இரத்தசோகை தரும். தானாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொன்னால், அளவைக் குறைத்துக் கொடுப்பார்.