ஐந்து உயிர், அரை மணி நேரம்

அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மிட்டாய்களை இடம் மாற்ற வேண்டும். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் அவை மறையும், மேலிருப்பவை கீழே விழும். கேண்டி கிரஷ் விளையாட்டின் விதி இவ்வளவுதான். அதை வெளியிட்ட கிங் நிறுவனம் கண்டுபிடித்த விதி அல்ல இது. 1994இல் ரஷ்யாவில் உருவான 'ஷாரிகி' என்ற கணினி விளையாட்டிலேயே அது இருந்தது. 2001இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து பாப்கேப் நிறுவனம் அதே விதிக்கு ரத்தினங்களை அணிவித்து 'பிஜுவெல்ட்' என்று உலகமெங்கும் கொண்டுபோனது.

பாப்கேப்பின் வியாபாரம் பழைய பாணி. கொஞ்ச நேரம் இலவசமாக ஆடிப் பார்க்கலாம். பிடித்தால் 20 டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவரோடு கடைக்காரரின் கணக்கு அத்தோடு தீர்ந்தது. தீராத கணக்கை எழுதக் கற்றுக்கொண்டது கிங்.

இணைய நிறுவனங்கள் சரிந்து விழுந்த காலம் முடிந்த கையோடு, 2003இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் கிங் தொடங்கியது. ரிக்கார்டோ சக்கோனி, செபாஸ்டியன் நட்சன் உள்ளிட்ட நண்பர்கள் அதற்கு முன் 'ஸ்ப்ரே' என்ற இணையத்தளத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். கிங்கின் ஆரம்பத் தொழில் போட்டி நடத்துவது. ஆடுபவர்கள் சிறு நுழைவுக் கட்டணம் கட்டுவார்கள், வென்றவருக்குப் பரிசு, நடத்துபவருக்குப் பங்கு. அமைதியான, லாபமான, ஆனால் சிறிய தொழில்.

பின்னாளில் வந்த பெருஞ்செல்வத்துக்கு அந்தச் சிறிய தொழில்தான் விதை. போட்டித் தளத்துக்காக கிங் குட்டிக்குட்டியாக ஏராளமான விளையாட்டுகளைச் செய்து பார்த்தது. எதை மக்கள் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். தேறியதை மட்டும் ஃபேஸ்புக்குக்குக் கொண்டுபோனார்கள். 2011இல் 'பபுள் விட்ச் சாகா' அப்படிப் போனது. 2012 ஏப்ரலில் கேண்டி கிரஷ், அதே ஆண்டு நவம்பரில் கைப்பேசி.

விளையாட்டு இலவசம். ஆடுபவருக்கு ஐந்து உயிர். தோற்றால் ஒன்று போகும். போன உயிர் திரும்ப அரை மணி நேரம் ஆகும். காத்திருக்கலாம், ஃபேஸ்புக் நண்பரிடம் கேட்கலாம், அல்லது காசு கொடுக்கலாம். நண்பரிடம் கேட்ட ஒவ்வொரு உயிரும் கிங்குக்குச் செலவில்லாத விளம்பரம். இன்னும் ஒரே நகர்த்தலில் ஜெயித்திருக்கலாம் என்ற இடத்தில் நின்று தவிப்பவருக்கு ஐந்து நகர்த்தல்களும் விற்பனைக்கு உண்டு. பாப்கேப் விளையாட்டை விற்றது. கிங் ஆடுபவரின் பொறுமையின்மைக்கு விலை வைத்தது. இதைச் சாமர்த்தியம் என்று மட்டும் சொல்லி நகர்வது சரியல்ல. மனிதர் எந்த இடத்தில் தளர்வார் என்று அளந்து, அங்கே கல்லாப்பெட்டியை வைக்கும் வேலை இது.

அதேசமயம் பெரும்பாலோர் ஒரு காசும் கொடுக்கவில்லை. 2013இன் கடைசிக் காலாண்டில் கிங்கின் விளையாட்டுகளை மாதம் சுமார் 30 கோடிப் பேர் ஆடினார்கள். பணம் கட்டியவர்கள் ஏறத்தாழ 1.2 கோடிப் பேர், அதாவது நூற்றுக்கு நான்கு பேர். அந்த நால்வரை நம்பியே 2013 ஜூனில் விளம்பரங்களைக்கூட கிங் கைவிட்டது. 2012இல் 16.4 கோடி டாலராக இருந்த வருவாய் அடுத்த ஆண்டே 188 கோடி டாலரானது.

பங்குச் சந்தைக்கு மட்டும் இந்தக் கணக்கு நம்பிக்கை தரவில்லை. வசூலில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே விளையாட்டிலிருந்து வந்தது. அது சலித்தால் என்ன ஆகும்? 2014 மார்ச் 26 அன்று நியூயார்க்கில் 22.50 டாலருக்கு விற்பனைக்கு வந்த பங்கு, அன்று மாலையே 19 டாலரில் நின்றது. 2016இல் ஆக்டிவிஷன் பிளிஸார்ட் நிறுவனம் கிங்கை வாங்கியபோது பங்குக்குக் கொடுத்த விலை 18 டாலர், மொத்தம் 590 கோடி.

சந்தையின் பயம் பலிக்கவில்லை. புதுக் கட்டங்கள் வாராவாரம் சேர்ந்து பத்தாயிரத்தைத் தாண்டின. பாப்கேப்பும் இதற்குள் இதே வழிக்கு வந்திருந்தது: எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அதை வாங்கிய பின், 2013இல் வெளிவந்த 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பிஸ் 2' இலவசமாகவே வந்தது. 2023இல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷனை வாங்கியபோது பேச்செல்லாம் அதன் 'கால் ஆஃப் டூட்டி' விளையாட்டைப் பற்றியே இருந்தது. ஆனால் கைப்பேசி விளையாட்டில் பலவீனமாக இருந்த மைக்ரோசாஃப்டுக்கு அந்தப் பேரத்தில் கிடைத்த பெரிய லாபங்களில் கிங்கும் ஒன்று.