கண்டர்பரிக் கல்லறையின் இரண்டாம் சொல்

இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் மூத்த மகனும், அரியணை ஏறாமலே 1376 ஜூன் 8 அன்று இறந்தவருமான இளவரசர் எட்வர்டின் போர்கள், கிரெசி (1346), புவாத்தியே (1356), நஹேரா (1367), லிமோஷ் (1370) எனப் பலராலும் விரிவாக எழுதப்பட்டுள்ளன. அவர் விட்டுச்சென்றவற்றுள் இன்றளவும் வழக்கில் நிற்பது தீக்கோழி இறகுச் சின்னமும் அதனுடன் சேர்ந்த 'இக் டீன' (நான் பணிசெய்கிறேன்) என்ற தொடருமே ஆகும். இவற்றின் தோற்றம் குறித்து வில்லியம் காம்டன் 1605இல் தந்த விளக்கம், பின்னர் வலுவாக மறுக்கப்பட்ட பிறகும், பொது நூல்களில் உயிரோடு இருப்பதால் அதை மறுபடியும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காம்டனின் கூற்று இரு பகுதிகளைக் கொண்டது. கிரெசிப் போர்க்களத்தில் இளவரசர் தம் கையால் கொன்ற பொஹீமிய அரசர் ஜானிடமிருந்து இறகுகளை வென்றெடுத்தார் என்பது முதற்பகுதி. அவற்றுடன் 'இக் டென்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லை அவரே இணைத்துக்கொண்டார் என்பது இரண்டாம் பகுதி. தொடரும் பொஹீமிய அரசருடையதே என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவதைக் காம்டன் சொல்லவில்லை. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தம் காலத்தின் தலைசிறந்த தொல்லியல் ஆர்வலரான காம்டன் கண்மூடி எழுதியவரும் அல்லர். பழைய ஆங்கிலத்தில் பணிசெய்தலைக் குறிக்கும் ஒலி நெருக்கமுள்ள வினை ஒன்று உண்டு. 'இக்' என்பதும் தென் இங்கிலாந்தின் பேச்சில் தன்மை ஒருமைச் சொல்லாக வழங்கியதே. ஆயினும் அவர் ஒரு சொல்லை மட்டும் தனித்து எடுத்து ஆய்ந்தார். கண்டர்பரிப் பேராலயத்தில் இளவரசரின் கல்லறையிலோ அச்சொல் தனியாக இல்லை.

இறப்பதற்கு முந்தைய நாளான 1376 ஜூன் 7 அன்று பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட இளவரசரின் உயிலில், கல்லறையைச் சுற்றிப் பித்தளை போன்ற உலோகக் கலவையால் ஆன, ஒவ்வொன்றும் ஓரடி அகலமுள்ள பன்னிரண்டு கேடயங்கள் பதிக்கப்பட வேண்டும், அவற்றுள் ஆறில் குலச்சின்னமும் ஆறில் தீக்கோழி இறகுகளும் அமைய வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. இருவகைக் கேடயங்களின் மேலும் பொறிக்கப்பட வேண்டியதாக உயில் குறிப்பிடும் சொல் 'ஹௌமௌட்' என்பது ஒன்றே. 'இக் டீன' அங்கே கூறப்படவில்லை. ஆனால் கல்லறையில் குலச்சின்னக் கேடயங்களின் மேல் 'ஹௌமௌட்' என்றும், இறகுக் கேடயங்களின் மேல் 'இக் டீன' என்றும் இரண்டும் மாறிமாறி வருகின்றன.

இவ்வேறுபாட்டைக் கைவினைஞரின் பிழை என்று தள்ளுவது எளிது, அது சரியாகாது. இளவரசர் 'ஹௌமௌட், இக் டீன' என்ற இரு தொடர்களையும் கையொப்பம்போல இட்ட ஆணை ஒன்று கிடைத்திருப்பதால், கல்லறையை எழுப்பியோர் இறந்தவரின் வழக்கத்தை அறிந்தே இரண்டையும் பகிர்ந்து வைத்தனர் என்று கொள்வதே பொருந்தும். உயிலை அவர்கள் எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றவில்லை என்பதற்கு வேறு சான்றும் உண்டு: பேராலயத்தின் நிலவறையிலுள்ள மாதா கோவிலில் அடக்கம் செய்யச் சொன்னவரை, மேலே புனித பெக்கெட்டின் திருப்பேழை இருந்த திரித்துவக் கோவிலில் அடக்கினர். கல்லறை வேலை முடிந்த ஆண்டு உறுதிப்படாததால், மாற்றத்துக்கு யார் பொறுப்பு என்பதும் தீர்வாகவில்லை.

'ஹௌமௌட்' என்பதைப் பழைய நூலோர் சிலர் 'ஹௌமோன்ட்' என்று படித்தனர். அக்கால எழுத்தில் 'யு', 'என்' இரண்டும் ஒரே வடிவான இரு குத்துக்கோடுகளாக எழுதப்பட்டமையே இதற்குக் காரணம். ஹௌமௌட் என்று கொண்டால் 'உயர்ந்த ஊக்கம்' என்ற பொருள் தரும் கீழைநாட்டு (இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியப் பகுதிகளின்) சொல்லாக அது நிற்கிறது. மற்றப் பாடம் எந்த மொழியிலும் பொருள் தரவில்லை. இச்சொல் ஆங்கிலம் அன்று. இதனோடு இணைபிரியாமல் வரும் 'இக் டீன' மட்டும் பழைய ஆங்கிலம் என்பது எங்ஙனம் பொருந்தும்? காம்டனின் இரண்டாம் பகுதி இவ்விடத்தில் விழுந்துவிடுகிறது.

முதற்பகுதி அவ்வளவு எளிதில் விழுவதில்லை. இளவரசரின் சமகாலத்து அறுவை மருத்துவரான ஜான் ஆர்டர்னும் இறகு பொஹீமிய அரசரிடமிருந்து பெறப்பட்டது என்றே எழுதியுள்ளார். ஆனால் அவர் எழுதியது கிரெசிக்கு ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து. பொஹீமிய அரசரின் தலைக்கவச முடியில் இருந்ததோ தீக்கோழி இறகு அன்று, கழுகுச் சிறகு. மேலும் இளவரசரின் தம்பி ஜான் ஆஃப் கோன்ட் உள்ளிட்ட அரச குடும்பத்தார் பிறரும் இறகுச் சின்னத்தைப் பயன்படுத்தினர்; ஒருவர் களத்தில் தனித்து வென்ற பரிசு என்றால் இது விளங்காது. உயிலோ, இறுதி ஊர்வலத்தில் குலச்சின்னத்தைப் போருக்கும் இறகை அமைதிக்கும் உரியதாக வைக்கிறது. இங்கு 'அமைதி' என்பது உயிர்ப்பலி நோக்காத விளையாட்டுப் போட்டிக்கு உரிய கோலம் என்பதால் இச்சான்றை அளவுக்கு மீறி அழுத்தக் கூடாது. எனினும் எதிரியைக் கொன்று பெற்ற அடையாளத்தை ஒருவர் போர்க்கோலத்திலிருந்து விலக்கி வைப்பது இயல்பாகத் தோன்றவில்லை.

தாய்வழியே நோக்குவது கூடுதல் பயன் தரும். இளவரசரின் தாய் ஃபிலிப்பா, எனோ, ஹாலந்து, சீலாந்து ஆகிய நாடுகளை ஆண்ட கோமகனின் மகள். எனோ கோமகனின் மூத்த மகனுக்கு உரிய பட்டம் 'ஆஸ்த்ரவான்'. தீக்கோழியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லோடு இது ஒலியால் விளையாடுகிறது. அரசியின் தட்டுமுட்டுகளில் கறுப்புக் கேடயத்தில் தீக்கோழி இறகு பொறித்த பாத்திரம் இருந்ததை 19ஆம் நூற்றாண்டில் ஹாரிஸ் நிக்கோலஸ் பட்டியல் ஒன்றிலிருந்து எடுத்துக்காட்டினார். அப்பட்டியல் 1369க்குப் பிற்பட்டது என்பதால், அரசியிடமிருந்து மகனுக்கு வந்ததா, மகனிடமிருந்து அரசிக்குச் சென்றதா என்பதை அதைக்கொண்டு மட்டும் முடிவுகட்ட இயலாது. ஆயினும் சொல், சின்னம் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. கிரெசியை ஒன்றும் காட்டவில்லை.

எட்வர்டுக்கு இன்று வழங்கும் 'கறுப்பு இளவரசர்' என்ற பெயர் 16ஆம் நூற்றாண்டு எழுத்துகளில்தான் முதன்முதலாகத் தென்படுகிறது. கறுப்புக் கவசமோ பிரெஞ்சுக்காரர் கொண்ட வெறுப்போ அதற்குக் காரணம் என்பவர்களுக்குச் சமகாலச் சான்று இல்லை. வெண்ணிற இறகு தாங்கிய கறுப்புக் கேடயமே காரணம் என்பது ஊகம், ஆனால் கண்ணால் காணத்தக்க ஒன்றைப் பற்றிய ஊகம்.

வேல்ஸ் இளவரசரின் சின்னத்தில் மூன்று இறகுகளும் 'இக் டீன்' என்று திரிந்த தொடரும் இன்றும் உள்ளன. 'ஹௌமௌட்' அதில் இடம்பெறவில்லை.