பாணர் நடந்த வழியும் உண்ட உணவும்

பயண அனுபவத்தை எழுதிவைக்கும் வழக்கம் தமிழுக்கு அண்மைக் காலத்தில் வந்தது என்று கருதுவோர் உண்டு. உரைநடையைப் பொறுத்தவரை இக்கருத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆயினும், ஒருவன் தான் நடந்த வழியையும், அவ்வழியில் உண்ட உணவையும், கடந்துவந்த பருவத்தையும் எதிர்ப்பட்ட மற்றொருவனுக்கு எடுத்துரைப்பதையே ஒரு தனி இலக்கிய வகையாக வளர்த்த பெருமை தமிழுக்கு உண்டு. அவ்வகையே ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், பெறாது வாடும் கலைஞனை வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவது அதன் அமைப்பு. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர்க்கு இத்துறை உரியதெனத் தொல்காப்பியம் கூறுகிறது.

பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டில் பதிப்பித்து வெளியிட்டார். அதிலுள்ள ஐந்து ஆற்றுப்படைகளுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக எஞ்சிய நான்கும் வறுமையுற்ற கலைஞரை மன்னரிடம் ஆற்றுப்படுத்துவன. பொருநராற்றுப்படை கரிகாலனையும், சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனையும், பெரும்பாணாற்றுப்படை காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனையும், கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் செங்கண்மாத்து நன்னனையும் பாடுகின்றன. மன்னர் வரலாற்றை ஆராய்வோர் இவற்றில் கொடைச் சிறப்பையும் போர்ச் சிறப்பையும் தேடினர். அவற்றோடு ஒப்ப எண்ணத்தக்க மற்றொரு வரலாறும் இவற்றில் உண்டு. அது, சாதாரண மக்கள் எப்பருவத்தில் எதை உண்டனர், வந்தவருக்கு எதை இட்டனர் என்பதன் வரலாறு.

பருவமும் பயணமும்

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் பண்டைத் தமிழர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இப்பகுப்பு செய்யுளுக்கு மட்டும் உரிய இலக்கணம் அன்று. உழவும் மேய்ச்சலும் பயணமும் இதனை ஒட்டியே நடந்தன.

கூதிர்க்காலத்தில் மக்கள் இல்லத்தை விட்டு அகலாமையை நக்கீரரின் நெடுநல்வாடை காட்டுகிறது. குளிரால் பற்கள் நடுங்கும் கோவலர் நெருப்பில் கை காய்ச்சுகின்றனர். கால்நடை மேய்ச்சலை மறந்து நிற்கின்றது. நகரத்திலோ கதிரவன் தோன்றாமையால், பிச்சியரும்பு மலர்வதைக் கொண்டே மகளிர் மாலைப் பொழுதை உணர்ந்து விளக்கேற்றுகின்றனர். கோடையில் இன்பம் தந்த பொருள்கள் யாவும் ஓய்வு பெறுகின்றன. சந்தனக்கல் பயனின்றிக் கிடக்கிறது. விசிறி முளையில் தொங்குகிறது. குறுகிய வாயுடைய குடத்தின் தண்ணீரை நாடுவார் இல்லை. தடவில் இட்ட நெருப்பையே அனைவரும் நாடுகின்றனர். ஒரு பொருள் இன்பம் தருவதும் தராதொழிவதும் பருவத்தைப் பொறுத்தது என்பதை இதனினும் எளிமையாகச் சொல்லுதல் அரிது.

சிறுபாணாற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் வேனிலில் தொடங்குகின்றன. கதிரவன் காயும் அப்பருவத்தில், பழுத்த மரத்தைத் தேடும் பறவை போலப் பாணன் சுற்றத்தோடு அலைகிறான். மழையால் வழியடையாத பருவம் பயணத்திற்கு ஏற்றது என்பது வெளிப்படை. ஆயின், பாணனை வழியில் இறக்கியது பருவத்தின் வசதி அன்று, வயிற்றின் பசியே. வறண்ட காட்டில் பெய்த மழையோடு வள்ளலின் கொடை ஒப்பிடப்படுவதும் இது கருதியே. மலைபடுகடாம் காட்டும் பொழுது வேறு. அங்கு மழை பெய்து ஓய்ந்தபின் எள்ளும் தினையும் அவரையும் வரகும் விளைந்து நிற்கின்றன. வேனிலின் பசியும் மழைக்குப் பின் வரும் வளமும் ஆகிய இரண்டையும் இப்பாடல்கள் அறிந்திருந்தன.

வழிநெடுகிலும் அடுக்களைகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளை உடையது. அதன் பெரும்பகுதி காஞ்சிக்குச் செல்லும் வழியைப் பற்றியது. அவ்வழியில் முதலில் எதிர்ப்படுபவர் உப்பு வணிகராகிய உமணர். அவர்தம் வண்டியில் கோழிக் கூடு இருக்கிறது; சிறிய உரல் தொங்குகிறது; ஊறுகாய்க் கலமும் கட்டப்பட்டிருக்கிறது. குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். அடுக்களையையே உடன் கொண்டு பயணம் செய்த குடும்பங்கள் அவை. அடுத்து, மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து சுங்கம் கொள்ளும் பெருவழியில் செல்கிறது.

அதன்பின் நிலத்துக்கு நிலம் உணவு மாறுகிறது. வறண்ட நிலத்து எயிற்றியர் கரம்பையைக் கிளறிப் புல்லரிசி எடுக்கின்றனர். விளாமர நிழலில் தரையில் பதித்த உரலில் அதனைக் குற்றுகின்றனர். ஆழ்ந்த கிணற்றில் ஊறும் சிறிது உவர்நீரை முகந்து, விளிம்பு சிதைந்த பானையை உடைந்த அடுப்பில் ஏற்றிச் சமைக்கின்றனர். உப்புக்கண்டத்தோடு கூடிய அச்சோற்றைத் தேக்கிலையில் குவித்து, தெய்வத்திற்குப் படைப்பது போன்று விருந்தினர்க்கு இடுகின்றனர். பானை சிதைந்தது, அடுப்பு உடைந்தது, நீர் உவர்த்தது. எனினும் படைக்கும் முறையில் குறைவில்லை. ஏழையின் விருந்தோம்பலைப் பற்றிப் பழந்தமிழில் கிடைக்கும் சான்றுகளுள் இதற்கு முதன்மையான இடம் அளிக்கலாம்.

எயினரின் அரணில் மேட்டு நிலத்தில் விளைந்த சிவந்த நெல்லின் சோறும் உடும்பின் இறைச்சியும் கிடைக்கின்றன. முல்லை நிலத்து ஆய்மகள் மோர் விற்று, அதற்கு ஈடாகப் பெற்ற தானியத்தால் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்யை விற்கும்போது அவள் பொன் கொள்வதில்லை. எருமையையும் பசுவையும் கன்றையுமே விலையாகக் கொள்கிறாள். அவள் இல்லத்தில் வருவோர்க்குத் தினைச்சோறும் பாலும் உண்டு. அடுத்த சிற்றூரில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும். மருத நிலத்தில் வெண்ணெல் சோறும் வீட்டில் வளர்ந்த கோழியின் வறுவலும். கரும்பாலையை அடைந்தால், வெல்லம் காய்ச்சும் புகையினிடையே வேண்டுமளவு சாறு பருகலாம். வலைஞர் குடியில் கூழைக் காயவைத்து முளைத்த தானியத்தோடு சாடியில் முதிர்வித்த கள்ளும் சுட்ட மீனும். அந்தணர் இல்லத்தில், நச்சினார்க்கினியர் இராசான்னம் என்று உரை கூறும் நெல்லின் சோறு, வெண்ணெயில் மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிய மாதுளங்காய், மாவடு ஊறுகாய். தோப்புக் குடிகளில் பலாவும் இளநீரும் வாழையும் நுங்கும்.

காஞ்சியை அடைந்தபின் அரசன் இடும் விருந்து சில அடிகளில் முடிந்துவிடுகிறது. பாட்டுடைத் தலைவன் இளந்திரையனே. எனினும் புலவரின் கண் வழிநெடுகிலும் உள்ள அடுக்களைகளிலேயே நெடுநேரம் தங்கிவிட்டது. எந்த உணவும் இழிவாகச் சொல்லப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. புல்லரிசிக்கும் வெண்ணெல்லுக்கும் ஒரே வகையான கவனம் கிடைக்கிறது.

துணையும் எச்சரிக்கையும்

பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில் மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், பாம்புகள் உறையும் பிளவுகள், பாசி படர்ந்து வழுக்கும் பாறைகள் ஆகிய யாவும் அதில் இடம்பெறுகின்றன. நடந்து பழகியவர் வாய்மொழியாகத் தரும் வழிகாட்டி நூலாகவே அது விளங்குகிறது. வழி தப்பினால் செய்ய வேண்டியதையும் அது கூறுகிறது: தங்கள் இசைக்கருவிகளை ஒலித்தால் போதும், நீர்த்துறையில் தவறி விழுந்தோரின் கூக்குரல் கேட்டு ஓடிவருபவர் போலக் கானவர் விரைந்து வந்து, உண்ணப் பழம் தந்து வழியும் காட்டுவர். குறவர் குடியை அடைந்தால், மோரும் புளியும் சேர்த்துச் சமைத்த மூங்கிலரிசிச் சோறு கிடைக்கும். பலாக்கொட்டை மாவும் அச்சமையலில் கூடும்.

ஓய்மாநாட்டு வழியும் இவ்வாறே அமைகிறது. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்தில் உலர்ந்த மீனைச் சுட்டுத் தருகின்றனர். முல்லை சார்ந்த வேலூரில் புளியிட்ட சோறும் ஆமானின் இறைச்சியும். மருதம் சார்ந்த ஆமூரில் உலக்கையால் குற்றிய வெண்சோறும் நண்டும். இறுதியில் நல்லியக்கோடன் வீமன் வகுத்த மடைநூல் முறைப்படி சமைத்த உணவைப் பொற்கலத்தில் இட்டு, தானே அருகில் நின்று உண்பிக்கிறான். இலக்கியத்தில் தேக்கிலையும் பொற்கலமும் ஒரே பயணத் துறையின் இரு முனைகளாக நிற்கின்றன.

இன்பத்தை அளந்த பசி

இவ்வின்பங்கள் அனைத்தையும் எது அளந்தது என்ற வினா எஞ்சுகிறது. முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் சென்ற பொருநனின் ஆடை கிழிந்தது. வேறு வேறு நூலால் தைக்கப்பட்டது. ஈரும் பேனும் வேர்வையும் பற்றியது. அரசன் அதனை நீக்கிப் பாம்பின் உரி போன்ற நுண்ணிய ஆடை தருகிறான். அருகம்புல் மேய்ந்து கொழுத்த ஆட்டின் இறைச்சி வருகிறது. வெம்மை தாளாமல் அதனை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி உண்கிறான். நாள்தோறும் இறைச்சி தின்று, புன்செய் உழுத கொழுப்போல் பற்கள் தேய்ந்தன என்கிறான். உண்டவன் மட்டுமே சொல்லக்கூடிய சொல் இது. நெடுநாள் உண்ணாதிருந்தவன் சொல்லக்கூடியதும் கூட.

அந்த ‘உண்ணாதிருந்த’ நிலையைச் சிறுபாணாற்றுப்படை மறைக்காமல் கூறுகிறது. கூரை விழுந்த அடுக்களையில் ஈன்ற நாய் குட்டிகளுக்குப் பால் கொடுக்க இயலாமல் குரைக்கிறது. கறையான் அரித்த சுவரில் காளான் முளைத்திருக்கிறது. மெலிந்த பெண்ணொருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைக்கிறாள். புறம் பேசுவோர் காண்பரே என நாணிக் கதவை அடைத்துவிட்டு, வறிய சுற்றத்தோடு கூடி உண்கிறாள்.

இப்பாடல்கள் புரவலரைப் போற்ற எழுந்தவை. இளந்திரையன் நாட்டில் வழிப்பறி செய்வோர் இல்லை, இடி விழுவதில்லை, பாம்பும் தீண்டுவதில்லை என்னும் கூற்றுகள் புகழ்ச்சியே. வழியில் கிடைத்த விருந்திலும் மன்னன் பெயருக்கு ஒரு பங்கு உண்டு. யாழும் முழவும் கையில் இல்லாத ஏழைக்கு அதே அடுக்களைகள் அதே அளவில் திறந்தனவா என்பதற்கு ஆற்றுப்படைகளில் விடை இல்லை. பாணனின் குரல் கேட்கிறது. உலக்கை பிடித்தவளும் பானை ஏற்றியவளும் செயலால் மட்டுமே தோன்றுகின்றனர்.

ஆயினும் ஒன்றை மறுக்கவியலாது. மன்னனின் புகழுக்குச் சான்றாகப் புலவர் அவன் அரண்மனையை மட்டும் காட்டி நிறைவுறவில்லை. அவன் நாட்டின் கடைக்கோடியில் உடைந்த அடுப்பில் எது வெந்தது, வழிப்போக்கனுக்கு எது இலையில் விழுந்தது என்பதையும் காட்ட வேண்டுமெனக் கருதினர். ஒரு நாட்டின் சிறப்பை அதன் எளியோர் இடும் சோற்றால் அளக்கும் அளவுகோல் இது. கூதிரில் தடவு நெருப்பு, வேனிலில் கரும்பின் சாறு, மழைக்குப் பின் புதுத்தினை என்று அன்றாட இன்பங்களைப் பாடிய அதே மரபு, வேளைக்கீரையை உப்பின்றி உண்டவள் அடைத்த கதவையும் பாடிவைத்தது. அக்கதவு நினைவில் இருக்கும்வரைதான் தேக்கிலையில் குவிந்த சோற்றின் பெருமை முழுமையாக விளங்கும்.