குடிநோயும் அதனால் நோகும் குடியும்

சென்ற திங்கள் கூடிய நம் சங்கச் செயற்குழுவில், மதுவுண்ணும் தலைவனையுடைய வீட்டுப் பிள்ளைகட்குச் சங்கத்தின் கல்வி உதவித்தொகை வழங்கலாகாது என அன்பர் ஒருவர் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். அவர் நோக்கம் தூயது என்பதில் எமக்கு ஐயமில்லை. உதவி நின்றால் நாணியேனும் தகப்பன் திருந்துவான் என்பது அவர் கருத்து. பலரும் தலையசைத்தனர். யாம் அன்று வாய் திறந்திலோம். அடுத்த கூட்டத்தில் அத்தீர்மானம் வாக்கிற்கு வருமாதலின், குடியை நீக்குதற்கு உலகத்தார் இதுகாறும் செய்துபோந்த முயற்சிகளின் வரலாற்றை ஒருவாறு தொகுத்து அன்பர்கள்முன் வைப்பது எம் கடனென்று கருதி இதனை எழுதலுற்றோம்.

குடியென்னுஞ் சொல்லுக்கு மதுவுண்டல் எனவும் குடும்பம் எனவும் இருபொருள் உண்மையைப் பள்ளிச் சிறாரும் அறிவர். முதற் குடியை ஒழிக்கப் புறப்பட்டோர் இரண்டாங் குடியை நெடுங்காலம் ஏறெடுத்தும் பார்த்திலர் என்பதே இவ்வரலாற்றை ஆராய்ந்தபோது எம் உள்ளத்தில் தைத்தது. நம் திருவள்ளுவனார் கள்ளுண்ணாமையை 93-ஆம் அதிகாரமாக வைத்து 10 குறள் அருளினார். ஆங்கு ஈன்ற தாயின் வருத்தம் ஒரு குறளிற் பேசப்படுகின்றது. மனைவியும் மக்களும் படுந்துயர் அவ்வதிகாரத்துள் வெளிப்பட வந்திலது. இது குறைகூறலன்று, அவர் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அவ்வதிகாரத்தின் இறுதி இரண்டு குறள்களை மட்டும் அன்பர்கள் நினைவில் இருத்துக. களித்தானுக்குக் காரணங்காட்டித் திருத்தப் புகுதல் நீருள் மூழ்கினானைத் தீவிளக்கால் தேடுதல்போலும் என்கின்றது ஒன்று. கள்ளுண்பான் ஒருவன் தான் தெளிந்திருக்கும்போது களித்துக் கிடக்கும் பிறனொருவனைக் கண்டால் தன்னிலையை எண்ணிப் பாரானோ என வினவுகின்றது மற்றொன்று. உபதேசத்தால் ஆகாதது ஒத்தாரைக் காண்டலால் ஆகும் என்னும் இக்குறிப்பு, மேலே கூறப்போகும் செய்திகளில் மீண்டும் வரும்.

மேனாடுகளிலும் குடியைப் பாவமென்றும் ஒழுக்கக்கேடென்றும் கொண்டு தண்டித்ததே பழைய வழக்கு. அது நோயெனத் துணிந்து எழுதிய மருத்துவருள் முன்னவர், அமெரிக்க விடுதலைச் சாசனத்திற் கையொப்பமிட்டவராகிய பெஞ்சமின் ரஷ் என்பார். ஸ்காட்லாந்து தேசத்துக் கப்பற்படை வைத்தியர் தாமஸ் டிராட்டர் 1804-இல் குடிவெறியைப்பற்றித் தனிநூலே இயற்றி, அஃது உள்ளத்தைப் பற்றிய பிணியென நாட்டினார். ஆயினும் நோயென்று நூலில் எழுதுதல் வேறு. நோயாளியை மதித்து நடத்துதல் வேறு. இடைப்பட்ட காலத்தில் பணம் பறித்த மாயமருந்துகளும் பலவாயின. 1879 முதல் இல்லினாய்ஸ் மாகாணத்து ட்வைட் என்னும் சிற்றூரிலிருந்து கீலி என்னும் வைத்தியர் பொன்சேர்ந்ததென்று ஒரு மருந்தை ஊசியிட்டுப் பெரும்பொருள் ஈட்டினார். அதில் இருந்தவை இன்னவென அவர் வெளியிட்டிலர். இன்றும் 'குடிப்பவனுக்கே தெரியாமல் உணவிற் கலந்து கொடுக்கலாம்' என்று விற்கப்படும் பொடிகளைக் காணுந்தோறும் எமக்கு அவர் நினைவு வரும்.

இனி, குடியர் தாமே தம்மைத் திருத்தப் புகுந்த கதை. 1840-ஆம் ஆண்டு ஏப்ரலில் பால்டிமோர் நகரத்து மதுக்கடையொன்றிற் கூடியிருந்த அறுவர், இனிக் குடிப்பதில்லை எனத் தம்முட் சபதஞ் செய்துகொண்டு, ஜார்ஜ் வாஷிங்டன் பெயரால் ஒரு சங்கம் தொடங்கினர். பாதிரிமாரும் கனவான்களும் மேடையேறிப் பழித்துரைத்த காலத்தில், இவர்கள் எழுந்து தாம் பட்டதைத் தாமே சொல்லினர். கேட்ட குடியர் திரள்திரளாக வந்து கையொப்பமிட்டனர். பின்னாளிற் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கன் 1842 பிப்ரவரியில் இச்சங்கத்தார்முன் பேசியபோது, குடியரைப் பழித்தலினும் அன்பால் ஈர்த்தலே பயன்தரும் என வற்புறுத்தினர். இச்சங்கம் தொடங்கிய மறுவாண்டே, 1841-இல், நியூயார்க்கில் மார்த்தா வாஷிங்டன் பெயரால் பெண்டிர் சங்கம் ஒன்று தோன்றிற்று. குடியை விட்டவன் கந்தையோடு வேலைதேடிச் செல்லுதல் யாங்ஙனம் என நினைந்து, அப்பெண்டிர் அவனுக்கும் அவன் மனைவி மக்கட்கும் ஆடை தைத்தளித்தனர். குடும்பத்தின் கண்ணீரைத் துடைக்க நீண்ட கைகளில் இவை முற்பட்டன என்னலாம். ஆனால் சில ஆண்டுகளில் இரு சங்கங்களும் தேய்ந்தொழிந்தன. அரசியற்பூசலும் சமயப்பூசலும் உட்புகுந்ததே ஒரு காரணமென்பர். சங்கம் நடத்தும் நமக்கு இது புதுமையன்று.

அடுத்த பெருநிகழ்ச்சிக்கு நூறாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் பங்குவாணிபம் செய்துவந்த பில் வில்சன் என்பார் குடியால் தொழிலிழந்து, பலமுறை ஆஸ்பத்திரி புகுந்து, 1934 டிசம்பரில் குடியை விட்டார். விட்டபின் குடியர் பலரைத் தேடித்தேடித் திருத்த முயன்றார். பல திங்களாகியும் ஒருவரும் நிலைத்திலர். தோல்வியென அவர் நொந்துகொண்டபோது, அவருடைய மனைவியார் லோயிஸ், நீராவது குடியாதிருக்கின்றீரன்றோ என உணர்த்தினாராம். 1935 மே மாதம் தொழில்நிமித்தம் ஆக்ரன் நகர்க்குச் சென்ற வில்சன், எடுத்த காரியம் முறிந்து, தங்கியிருந்த ஓட்டலின் முன்கூடத்தில் தனித்து நின்றார். ஒருபுறம் மதுச்சாலையின் ஆரவாரம், மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை நாடி, இவ்வூரில் என்னைப்போலுங் குடியன் ஒருவனோடு பேசவேண்டும் என்று கேட்டலைந்து, டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை வைத்தியரைக் கண்டார். கால்மணி நேரமே இருப்பேன் என்று வந்த வைத்தியர் இரவு பதினொருமணி வரை இருந்தார். வள்ளுவர் வினாவிற்கு ஆக்ரன் நகரில் விடை கிடைத்தது. இவ்விருவர் தொடக்கிய கூட்டமே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அஃதாவது பெயர் சொல்லாக் குடிநோயாளர் கழகம். இன்று தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடைபெறுகின்றன. ஆங்குச் சந்தா வாங்குவதில்லை, குலம் கேட்பதில்லை, முழுப்பெயரும் கேட்பதில்லை.

அம்மனைவியாரின் கதைக்கு வருவோம். கணவர் குடித்துக்கிடந்த ஆண்டுகளில் கடையொன்றில் விற்பனைவேலை செய்து இல்லத்தைத் தாங்கியவர் அவர். கழகத்தின் நூல் 1939-இல் வெளிவந்தபோது அதில் மனைவியர்க்கென ஓர் இயல் வைக்கப்பட்டது. அதனைத் தாம் எழுதுவதே முறையென அவர் எதிர்பார்த்தார். ஆனால் மனைவியர் பேசுவதுபோல் அதனைக் கணவரே எழுதினார்! இதனைப் படித்தபோது எமக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கெழுந்தன. நம் சங்கத்து மாதர் மாநாட்டிற்கும் வரவேற்புரை எழுதிக்கொடுப்பார் ஆடவரேயன்றோ?

கணவர் திருந்தியபின் மனைவி மகிழ்ந்திருப்பாள் என்றே எவரும் நினைப்பர். ஒருநாள் கூட்டத்திற்குப் புறப்பட விரையுமாறு கணவர் சொல்ல, லோயிஸ் அம்மையார் வெகுண்டு கையிலகப்பட்ட பாதரட்சையை அவர்மேல் எறிந்தார். இதை எழுத எம் பண்டிதக் கை சற்றே கூசுகின்றது. ஆயினும் அவரே வெளிப்படக் கூறியதாதலின் மறைத்தற்கில்லை. பதினேழு ஆண்டுகள் தாம் அழுதும் மன்றாடியும் ஆகாததை அயலார் சிலர் சிலநாளில் ஆக்கிவிட்டனரே என்னும் உள்வேக்காடே அச்சினத்திற்கு வித்து. அப்பொழுதுதான் தமக்கும் மருந்து வேண்டுமென அவர் உணர்ந்தார். ஆடவர் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, மனைவியர் அடுக்களையிற் காப்பி கலந்து காத்திருப்பது வழக்கமாயிருந்தது. அக்காத்திருப்பிலேயே அவர்கள் தம்முட் பேசத் தொடங்கினர். 1951-இல் லோயிஸும் அவர் அயல்வாழ் தோழியொருவரும் அங்ஙனம் ஆங்காங்கிருந்த 87 குழுக்கட்குத் திருமுகம் விடுத்து ஒன்றுகூட்டினர். அல்-அனான் என்னும் குடும்பத்தார் கழகம் இவ்வாறு பிறந்தது. 1957-இல் கலிபோர்னியாவில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் தன் போன்ற பிள்ளைகளைச் சேர்த்து அலட்டீன் என்னும் கிளையைத் தொடங்கினான்.

இக்கழகத்தார் கண்ட உண்மை எளிதுபோல் தோன்றும், ஆனால் எளிதன்று. கணவன் குடித்தற்கு மனைவி காரணமல்லள். அதனை அடக்கவோ தீர்க்கவோ அவளால் இயலாது. ஆயினும் அவள் தன் வாழ்வை வாழலாம். புட்டியை ஒளித்தல், வேலைத்தலத்திற்குக் காய்ச்சலென்று பொய்சொல்லி விடுத்தல், கடன்காரனுக்கு வளையலை விற்றுக் கொடுத்தல் ஆகிய இவையெல்லாம் அன்பினாற் செய்யப்படுவன. ஆனால் நோய்க்கு நிழல்தருவன. இவற்றை விடுக என்று வெளியிலிருந்து ஒருவர் கட்டளையிட்டால் அவள் மனம் புண்படும். அதே பாட்டிற் கிடந்தெழுந்த மற்றொருத்தி சொல்லின் ஏற்பாள்.

நம் நாட்டிற்கு வருவோம். இராஜாஜி முதன்மந்திரியாயிருந்தபோது 1937 அக்டோபர் முதல்நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கி, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது; 1971-இல் தளர்ந்தது; பின்னர்ப் பூட்டியும் திறந்தும் போந்து, 2003 முதல் அரசே சில்லறையாக விற்கின்றது. இதனைப்பற்றி மேடைகளிற் கேட்பன போதும். சட்டம் கடையை அடைக்கும். கடைக்குப் பழகிய உடம்பை என்செய்வது? பல்லாண்டு மிகக் குடித்தவன் திடீரென நிறுத்தின் கைகால் நடுங்கும், வலிப்பு வரும், இல்லாதன கண்முன் தோன்றிப் பிதற்றுவான், உயிருக்கே இடையூறாதலும் உண்டு. ஆதலின் கோயிலிற் கயிறுகட்டிச் சத்தியம் வாங்குவார், முதலில் வைத்தியரைக் கண்டு வாங்குக.

இத்தகைய வைத்தியத்திற்குத் தமிழ்நாட்டில் வழிவகுத்தவரும் ஒரு மனைவியாரே. சென்னையைச் சார்ந்த சாந்தி ரங்கநாதன் அம்மையாரின் கணவர் இளமையிலேயே 1979-இல் குடிநோயால் இறந்தார். செல்வர் குடும்பம், வேண்டிய பொருளுண்டு, பார்க்கத்தகும் மருத்துவமனைதான் இல்லை. மறுவாண்டே, 1980-இல், கணவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். ஆங்கு நோயாளிக்கு மருந்தும் அறிவுரையும் அளிப்பதோடு, உடன்வரும் மனைவியோ தாயோ தாமும் தனியே பயிற்சி பெறுகின்றனர். அழுவதற்கு இடமும், அழுதபின் பேசுதற்கு ஆளும் அவர்க்கு உண்டு. நகர்க்கு வரவியலாதார்க்கென மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களிலேயே முகாம் அமைத்து, ஊரார் துணையோடு சிகிச்சை செய்தனர். அம்மையார்க்கு 1992-இல் பத்மஸ்ரீ பட்டமும், 1999-இல் ஐக்கிய நாடுகள் அவையின் வியன்னாப் பரிசும் கிட்டின. குடித்திறந்தான் ஒருவனின் கைம்பெண் வெளியே தலைகாட்ட நாணும் சமூகத்தில், தம் இல்லத்துக் கதையை மறையாது உரைத்ததையே யாம் அப்பட்டங்களினும் மேலாக மதிக்கின்றோம்.

நம் முன்னோர் செய்ததும் கூறவேண்டும். குடித்தவனுக்கு ஊர்க்கூட்டம் தண்டம் விதிக்கும்; தண்டப்பணம் கொணர்பவள் மனைவி; அதற்காக அடகுக்குப் போவது வீட்டு வெண்கலப்பானை. முதியோர் இதனைப் பெருமையாகச் சொல்லக் கேட்டுளோம். குடித்தவன் தண்டத்திற்குப் பின்னும் குடித்தான், பானைதான் மீண்டிலது.

எம் பிழையொன்றையும் ஈண்டு ஒப்புக்கொள்வோம். எம் வகுப்பில் ஒரு மாணவன் முதற்பாடத்திலேயே உறங்கிவிழுவான். வெண்பாவின் இலக்கணம் நடத்துங்கால் குறட்டை கேட்டால் எந்தத் தமிழாசிரியன் பொறுப்பான்? இருமுறை பெஞ்சின்மேல் நிறுத்தினோம், வகுப்பு நகைத்தது. பின்னொருநாள் அவன் தாயார் வந்து, ஒன்றும் முறையிடாமல், அவனை மாலைவகுப்பிலாவது சிறிது கண்டிப்பின்றி விடவேண்டும் என்று மட்டும் கேட்டார். வினவியபின்னரே சொன்னார். இரவு பத்துமணிக்குக் கடை அடைத்தபின் சைக்கிளுடன் சென்று, வழியிற் கிடக்கும் தந்தையைத் தேடி இல்லஞ்சேர்ப்பது அவன் வேலை. சிலநாள் விடியுமுன் இரண்டுமணி ஆகும். அவன் பெயர் நம் சங்கத்து உதவித்தொகைப் பட்டியலில் இருக்கின்றது. தீர்மானம் நிறைவேறின் முதலில் அடிக்கப்படும் பெயர்களுள் அது ஒன்று.

ஆதலின் வருங் கூட்டத்தில் யாம் அதற்கு மாறாகக் கையுயர்த்துவோம். கொணர்ந்த அன்பரே அதனை மீட்டுக்கொள்வாராயின் நன்று. அதற்கு ஈடாக யாம் வேண்டுவது ஒன்றே: நம் மன்றத்தின் பின்கட்டு அறை ஞாயிறு மாலைகளில் வெறிதே கிடக்கின்றது, அதனை இத்தகைய வீட்டுப் பெண்டிர்க்கு இரண்டு மணிநேரம் விடுக. வருகைப்பதிவு வேண்டா, பெயர் எழுத வேண்டா, நம்முள் ஆடவர் ஒருவரும் தலைமை வகிக்க வேண்டா. திறவுகோல் எம்மிடத்துளது.