"அக்கேள்வி எழவில்லை": அரசு விடையின் இலக்கணமும் வரலாறும்

2020 செப்டம்பர் 14 அன்று மக்களவையில் தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகம் எழுத்துவழி அளித்த விடை ஒன்று நாடெங்கும் பேசப்பட்டது. பொதுமுடக்கக் காலத்தில் ஊர் திரும்பும் வழியில் உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளர் குறித்தது வினா. அத்தகைய தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது விடை. இறந்தோர் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டதா என்ற அடுத்த கூற்றுக்கு, முன்கூறியதைக் கருத்திற்கொண்டு அக்கேள்வி எழவில்லை என்று பதில் வந்தது. அதே கூட்டத்தொடரில், சில நாள்களுக்குள், மாநிலங்களவையில் இரயில்வே அமைச்சகம் ஓர் எண்ணைத் தந்தது: செப்டம்பர் 9 வரை ஷ்ராமிக் சிறப்பு இரயில்களில் பயணித்தவர்களுள் 97 பேர் இறந்தனர்.

இவ்விரு விடைகளுள் ஒன்று பொய் என்று அன்று பலர் வாதிட்டனர். அந்த வாதம் சிக்கலின் மேற்பரப்பையே தொடுகிறது. இரண்டுமே தத்தம் எல்லைக்குள் உண்மையாக இருந்திருக்கக்கூடும். ஆய்வுக்குரிய இடமும் அதுவே. வினா அரசை நோக்கி எழுப்பப்படுகிறது. விடையோ ஓர் அமைச்சகத்திடமிருந்து வருகிறது. "பராமரிக்கப்படவில்லை" என்ற செயப்பாட்டு வினையில் செய்பவர் இல்லை. பராமரிக்காதவர் யார்? அந்த அமைச்சகமா, ஒன்றிய அரசு முழுவதுமா? எழுவாய் மறைந்த அந்த வெற்றிடத்தில்தான் அரசு அமைச்சகமாகச் சுருங்குகிறது. அடுத்து வரும் "எழவில்லை" இன்னும் நுட்பமானது. வினா உறுப்பினரால் எழுப்பப்பட்டுவிட்டது. ஆயினும் தானாக எழவேண்டிய ஒன்று எழாமல் போனதுபோல விடை பேசுகிறது.

இந்த நடை நேற்றுப் பிறந்ததன்று. 1861ஆம் ஆண்டின் இந்திய கவுன்சில்கள் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட மன்றத்தில் உறுப்பினர்களுக்கு வினா எழுப்பும் உரிமையே கிடையாது. 1892ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு வழிவகுத்தது. 1893 பிப்ரவரி 16 அன்று பிங்கா அரசர் முதல் வினாவை எழுப்பினார். குளிர்காலச் சுற்றுப்பயணம் செல்லும் அதிகாரிகளின் முகாம்களுக்குப் பொருள் வழங்கவேண்டியிருந்ததால் கிராமக் கடைக்காரர்கள் பட்ட இன்னல்களே அவ்வினாவின் பொருள். பேரரசின் நிதி, படை, எல்லை என எத்தனையோ இருக்க, இந்தியச் சட்டமன்ற வரலாற்றின் முதல் வினா மளிகைக் கணக்கிலிருந்து தொடங்கியது. அதிகாரத்தின் சுமை எளியவர் தோளில் விழும் இடத்தை அது துல்லியமாகத் தொட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

வந்த விடையைத் தொடர்ந்து மேலும் ஒன்றைக் கேட்க அன்று எவருக்கும் உரிமை இல்லை. துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின்னரே வந்தது. அதுவும் மூல வினாவை எழுப்பிய உறுப்பினருக்கு மட்டும். 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின் அவ்வுரிமை ஏனைய உறுப்பினர்களுக்கும் விரிந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேல் நீடித்த இந்தப் படிப்படியான நெகிழ்வை ஆங்கில ஆட்சியின் தாராளத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எழுதிவைத்த வாக்கியத்தைவிட அதன்மீது தொடுக்கப்படும் இரண்டாம் கேள்வியே ஆபத்தானது என்பதை அந்த ஆட்சி நன்கு அறிந்திருந்தது என்று கொள்வதே பொருத்தம்.

இன்றைய மக்களவை விதிகளும் வினாவின் மொழியைக் கட்டுப்படுத்துகின்றன. வாதம், ஊகம், ஏளனச் சொல், பழிச்சொல் ஆகியவை வினாவில் இடம்பெறக்கூடாது, கருத்துரையைக் கேட்கக்கூடாது, 150 சொற்களைத் தாண்டக்கூடாது. விடையின் நடைக்கு இவ்வளவு நுணுக்கமான விலக்குப் பட்டியல் இல்லை.

வினா அமைச்சகத்தை அடைந்தபின் நடப்பது பலரும் அறியாதது. முதலில் எழுவது "இது நம்முடையதா?" என்ற கேள்வி. எந்தப் பொருள் எந்த அமைச்சகத்துக்கு உரியது என்பதை 1961ஆம் ஆண்டின் பணி ஒதுக்கீட்டு விதிகள் வகுக்கின்றன. தனக்குரியதன்று எனக் கருதும் அமைச்சகம் வினாவை வேறோர் அமைச்சகத்துக்கு மாற்ற முயலும். பெறவேண்டியது அதை ஏற்கவேண்டும். ஏற்றபின் நாடாளுமன்றப் பிரிவு அதை உரிய பிரிவுக்கு அனுப்பும். அங்கு எழுதப்படும் வரைவு சார்புச் செயலாளர், இணைச் செயலாளர் என மேல்நோக்கி நகர்ந்து அமைச்சரின் ஒப்புதலைப் பெறும். ஒவ்வொரு மேசையிலும் வாக்கியம் ஒன்று குறையும், அல்லது ஒரு வினையெச்சம் கூடும். நட்சத்திரக் குறியிட்ட வினாவாயின் அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடையளிக்கவேண்டும். எழக்கூடிய துணைக் கேள்விகளை முன்கூட்டியே ஊகித்து, அவற்றுக்கான குறிப்புகளும் அமைச்சருக்காக ஆயத்தம் செய்யப்படும். விடையளிக்கும் நேரத்தில் அதிகாரிகள் அவையின் அலுவலர் மாடத்தில் அமர்ந்திருப்பார்கள். அங்கிருந்து அமைச்சருக்குத் துண்டுச் சீட்டுகள் செல்லும். ஒரு நாளைக்கு மக்களவையில் 20 வினாக்களுக்கே நட்சத்திரம் கிட்டும். 230 வினாக்கள் வரை எழுத்துவழி விடைக்கு உரியவை. அவற்றின்மேல் துணைக் கேள்வி கிடையாது. நட்சத்திரக் குறி ஒரு வினாவுக்குத் தருவது இரண்டாம் கேள்விக்கான உரிமையே.

அந்த இரண்டாம் கேள்வியின் வலிமைக்கு 1957ஆம் ஆண்டின் முந்த்ரா விவகாரம் சான்று. புதிதாக உருவான ஆயுள் காப்பீட்டுக் கழகம் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தனியார் நிறுவனம் ஒன்றின் பங்குகளை வாங்கியதா என்று இராம் சுபக் சிங் அவ்வாண்டு செப்டம்பரில் மக்களவையில் கேட்டார். கிடைத்த விடை உண்மையை முழுமையாகத் திறந்துகாட்டவில்லை. நவம்பரில் வினா மீண்டும் எழுந்தது. டிசம்பர் 16 அன்று ஃபிரோஸ் காந்தி விவாதத்தைத் தொடங்கினார். ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய் முதலீடு செய்யப்பட்டிருந்தது வெளிப்பட்டது. நீதிபதி எம்.சி. சாக்ளா தனியொருவராக அமைந்த ஆணையம் பொது விசாரணை நடத்தியது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

சென்னையைச் சேர்ந்த அவரது வீழ்ச்சி தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஊழல் கதையாகவே நினைவுகூரப்படுகிறது. சாக்ளாவின் அறிக்கையில் நாடாளுமன்ற வரலாற்றுக்கு முதன்மையானது வேறொன்று. முதலீட்டு முடிவு செயலாளருடையது, கழகத்துடையது என்று அமைச்சர் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்றார் அவர். நாடாளுமன்றத்தைத் தொடக்கத்திலேயே நம்பி, தொடர்புடைய செய்திகள் அனைத்தையும் அதன்முன் வைக்கவேண்டும். பிற வழிகளில் அவை உண்மையை அறிய நேர்ந்தால் சங்கடமே மிஞ்சும் என்றும் சுட்டினார். மொழியியல் நோக்கில் இதை இவ்வாறு சொல்லலாம்: விடை வாக்கியத்தில் மறைந்துபோன எழுவாயை ஆணையம் மீட்டெடுத்து அமைச்சரிடமே சேர்த்தது.

அவை கண்ட மற்றொரு கருவி உறுதிமொழிக் குழு. "தகவல் திரட்டப்படுகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்" என்ற வாக்கியம் அமைச்சகங்களுக்கு மிகவும் உகந்தது. சொன்ன நாளில் அது வாயை அடைக்கும், பிறகு மறக்கப்படும். 1953 டிசம்பரில் மக்களவை அரசின் உறுதிமொழிகளுக்கென ஒரு குழுவை அமைத்தது. மாநிலங்களவை 1972இல் தனக்கும் ஒன்றை அமைத்துக்கொண்டது. "பரிசீலனையில் உள்ளது", "கவனிக்கிறேன்", "விசாரிக்கப்பட்டு வருகிறது" முதலிய முப்பதுக்கும் மேற்பட்ட சொல்வடிவங்கள் உறுதிமொழிகளாகக் கொள்ளப்படும் எனப் பட்டியலிடப்பட்டது. அவற்றை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றவேண்டும். இயலாவிடில் அமைச்சகம் குழுவிடம் நீட்டிப்புக் கோரவேண்டும். சொல்வதே ஒரு செயலாகும் வாக்கியங்களைப் பற்றி ஜே.எல். ஆஸ்டின் ஹார்வர்டில் உரையாற்றியது 1955இல். தில்லியில் அதற்கு இரண்டாண்டு முன்பே ஒரு நாடாளுமன்றக் குழு, "பரிசீலிக்கிறோம்" என்பது வெறும் செய்தியா, வாக்குறுதியா என்ற கேள்வியைக் கையில் எடுத்திருந்தது. இந்தத் தற்செயல் மொழியியல் வகுப்புகளில் போதிய கவனம் பெறவில்லை.

அக்குழுவின் வலைக்கும் ஓட்டை உண்டு. எதிர்காலத்தைச் சுட்டும் வாக்கியத்தையே அது பிடிக்கும். "தரவு பராமரிக்கப்படவில்லை" என்பது எதையும் வாக்களிக்கவில்லை. "எழவில்லை" என்பதும் அப்படியே. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் சுகாதார அமைச்சகம் தந்த விடையும் இவ்வகையினது. ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணம் எதுவும் மாநிலங்களாலும் ஒன்றியப் பகுதிகளாலும் குறிப்பாகத் தெரிவிக்கப்படவில்லை என்றது அது. "குறிப்பாக" என்ற ஒரே அடை விடையின் முழுச் சுமையையும் தாங்கியது. அறிக்கையிடும் பொறுப்பு மாநிலங்களுக்குச் சென்றது. நேர்ந்ததா என்ற வினா தெரிவிக்கப்பட்டதா என்ற வினாவாக மாறியது.

2020 செப்டம்பருக்குத் திரும்பினால் வேறொரு செய்தியும் கவனத்துக்கு வருகிறது. பெருந்தொற்றைக் காரணம் காட்டி அக்கூட்டத்தொடரில் வினா நேரம் நீக்கப்பட்டிருந்தது. எழுத்துவழி விடைகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. நெருக்கடி நிலையின்போது 1975இலும் வினா நேரம் நிறுத்தப்பட்டதுண்டு. தொழிலாளர் அமைச்சகம் "இல்லை" என்றபோது, இரயில்வே அமைச்சகத்திடம் இருக்கிறதா, உள்துறையிடம் இருக்கிறதா, திரட்டப்படாதது ஏன் என்று அவையில் எழுந்து கேட்கும் வாய்ப்பு எந்த உறுப்பினருக்கும் இல்லை. விடை மட்டும் உண்டு, அதன்மேல் கேள்வி இல்லை என்ற நிலையில் அக்கூட்டத்தொடர் பிங்கா அரசரின் மன்றத்தை ஒத்திருந்தது.

கடிதங்களின் நிலை இன்னும் தளர்வானது. நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதத்தை 15 நாள்களுக்குள் பெற்றதாக ஒப்புக்கொள்ளவேண்டும், அடுத்த 15 நாள்களுக்குள் விடையளிக்கவேண்டும் என்கிறது மத்தியச் செயலக அலுவலக நடைமுறைக் கையேடு. அமைச்சருக்கு எழுதப்பட்ட கடிதத்துக்கு இயன்றவரை அமைச்சரே விடை எழுதவேண்டும். அச்சிட்டு வைத்த ஆயத்த விடைகளைத் தவிர்க்கவேண்டும். நல்ல விதிகள்தாம். ஆனால் கடிதத்துக்கு அவை இல்லை, துணைக் கேள்வி இல்லை, உறுதிமொழிக் குழுவும் இல்லை.

கடித விடை ஒன்று நீதிமன்றம்வரை சென்ற அரிய நிகழ்வு மதுரையிலிருந்து வந்தது. மத்திய ரிசர்வ் காவல் படையின் ஆள்சேர்ப்புத் தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மையம் வேண்டும் என்று மதுரை மக்களவை உறுப்பினர் சு. வெங்கடேசன் 2020இல் ஆங்கிலத்தில் எழுதினார். உள்துறை இணையமைச்சரின் விடை இந்தியில் வந்தது. விடை கிடைத்தது, பெற்றவருக்கோ அது விளங்கவில்லை. ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் முறையீடு அளிக்கும் உரிமையை அரசமைப்பின் 350ஆம் பிரிவு எல்லாருக்கும் வழங்குகிறது. விடை எம்மொழியில் அமையவேண்டும் என்பது பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தைச் சுட்டி, ஆங்கிலத்தில் வந்த முறையீட்டுக்கு ஒன்றிய அரசு ஆங்கிலத்திலேயே விடையளிக்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. உறுப்பினர் கடிதத்தில் கேட்டது தேர்வு மையம். வழக்கு முடிவில் உறுதியானது விடையின் மொழி.